மெழுகு விரிசல் விடாத மத்தியானம்

போன வாரம் உங்கள் கூடத்துக்கு வந்திருந்தேன். புதிதாகச் சொல்லித்தரச் சேர்ந்த ஆறு பேரும் நோட்டும் பேனாவுமாக என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டீர்கள். ஒருவர், மெழுகை எந்தச் சூட்டில் உருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், எந்தத் தூரிகை நல்லது என்றார். மூன்றாமவர், "டீச்சர், அரிசிக் காகிதத்தில் நிஜமாகவே அரிசி இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. முதல் இரண்டுக்கும் பதில் புத்தகத்தில் இருக்கிறது. மூன்றாவதற்குப் பதில், 'இல்லை' என்பதுதான். வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

ஒருவர்கூட, "நீங்கள் எதைக் கெடுத்தீர்கள்?" என்று கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நல்லபடியாகச் செய்த வேலையைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அது சுவரில் தொங்குகிறது, போய்ப் பாருங்கள். கெடுத்த கதையைச் சொல்கிறேன். நோட்டை மூடி வையுங்கள்.

ஜவ்வாது மலைமேல் இருந்த பயிற்சிக் கூடத்தில் நான் சேர்ந்தது எழுபத்தொன்பதிலோ எண்பதிலோ. நான் கண்ணமங்கலத்துப் பெண். மதராஸில் ஓவியம் படித்துவிட்டு வந்த திமிர் தலையில் கனமாகவே இருந்தது. கூடம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஓடு வேய்ந்த ஒரே அறை, இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு நீள மேசை, வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பெண்கள். எல்லோரும் மலையில் சாமையும் புளியும் பார்க்கிற வீட்டுக்காரர்கள். எங்கள் எல்லோருக்கும் மேலே ஒரு சூப்பிரண்டு. அவர் வேலூரில் இருப்பார். மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து, தரையில் ஏன் மெழுகு சிந்தியிருக்கிறது என்று கேட்பார். மெழுகு வேலை செய்கிற இடத்தில் வேறு எது சிந்தும் என்று நான் கேட்பேன். தேன் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

வெளியார் யாராவது இதைப் படித்தால் புரிவதற்காக நான்கு வரி. அரிசிக் காகிதம் என்கிற மெல்லிய காகிதத்தில் எந்த இடம் வெளிறி இருக்க வேண்டுமோ அங்கே உருக்கிய மெழுகைத் தடவுவோம். அதன்மேல் நீர் வண்ணம் பூசினால் மெழுகு இருக்கிற இடத்தில் ஏறாது. இப்படி வெளிறியதிலிருந்து கறுத்தது வரை படிப்படியாக மெழுகும் வண்ணமும். கடைசியில் படம் முழுக்க, முன்னும் பின்னும், மெழுகு பூசி, கையால் கசக்குவோம். மெழுகு விரிசல் விடும். அந்த விரிசலில் கறுப்பு வண்ணம் இறங்கும். பிறகு பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டால், மெழுகு முழுக்கத் தாளுக்குப் போய்விடும், படம் நிற்கும். அந்த விரிசல் கோடுகள்தான் படத்துக்கு உயிர். இலையில் நரம்பு ஓடுகிற மாதிரி அவை ஓடும்.

அந்த ஆறு பேரில் பச்சையம்மாவுக்கு என் வயதுதான். இரண்டு குழந்தைகள். மூத்தது பெண், மூன்றாவது படித்துக்கொண்டிருந்தது; அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் அதுதான். வைகாசி முடிந்ததும் குடும்பத்தோடு மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்கு வருவதாக அவள் புருஷன் மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பச்சையம்மா அவரிடம் ஒரே ஒரு தவணை கேட்டிருந்தாள். 'பயிற்சி முடிந்து கூடத்தில் வேலை போட்டுக் கொடுத்தால் நாம் போக வேண்டாம். கொடுக்காவிட்டால் நானே மூட்டை கட்டுகிறேன்' என்று. இதை என்னிடம் அவள் சொன்னது சேர்ந்த முதல் மாதத்தில். எனக்குத் தெரியாது என்று பிற்பாடு நான் சொல்லிக்கொள்ள வழியில்லாதபடி தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

என் கோபத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, உண்மைதான். அடுப்புத் திரி புகைந்தால் கத்துவேன். தூரிகையைத் தலைகீழாக வைத்தால் கத்துவேன். மழை வந்தால் மழையைப் பார்த்தும் கத்துவேன். மலையில் எனக்குப் பேரே கத்துற டீச்சர்தான்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு காலை. கடைசி மெழுகு பூசி முடித்த படம் ஒன்றை வெளிச்சத்தில் பார்ப்பதற்காகப் பச்சையம்மா வெளியே எடுத்துப் போனாள். வாசல் படியில் கால் தடுக்கி, படம் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. இரண்டு நாள் வேலை. நான் போட்ட கூச்சலில் எதிர்ச் சரிவில் மேய்ந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன. அவள் பதறாமல் கையை விட்டு எடுத்தாள். அந்தத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். எடுத்த படத்தை லேசாக மடக்கினாள். அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது.

"டீச்சர், இத்தப் பாருங்களேன். எப்டி ஒடையுது பாருங்க. உள்ள பொட்டுத் தண்ணி எறங்கல."

"பேசாத. போய் வேலையப் பாரு."

பார் என்று அவள் சொன்னதை நான் பார்க்கவில்லை. எனக்குத் திட்ட வேண்டிய வேலை பாக்கி இருந்தது.

அடுத்தது செய்தித்தாள் விவகாரம். இஸ்திரி போடுவதற்காகப் பழைய தாள்களை அடுக்கி வைத்திருந்தோம். மாசி மாதம் சூப்பிரண்டு வந்தார். "இன்னாம்மா இது, காயலான் கடையாட்டம்? பார்க்க வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, அன்றைய தேதி போட்ட புதுத் தாள் ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். பச்சையம்மா ஒரு தாளை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"கையில மை ஒட்டுது டீச்சர். பழசுல ஒட்டாது."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் செய்தித்தாளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நினைத்தது அதுதான். "பேப்பர்னா பேப்பர்தான். தேய்" என்றேன். தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டியை எடுத்ததும், நான் நான்கு நாள் உட்கார்ந்து வரைந்த கொன்றை மரத்தின் உச்சியில் பல்பொடி விளம்பரம் ஒன்று கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி அழகாகப் பதிந்திருந்தது. சூப்பிரண்டிடம் காட்டினேன். "பரவால்லம்மா, தூரமா மாட்டுனா தெரியாது" என்றார். அன்றைக்கு நான் அவரிடம் கத்தினேன், பச்சையம்மாவிடமும் கத்தினேன், பல்பொடியையும் விடவில்லை. ஆனால் 'நீ சொன்னாயே, நான் கேட்டிருக்க வேண்டும்' என்கிற ஒரு வரி மட்டும் அந்தக் கூச்சலுக்குள் எங்கேயும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் படங்கள் சிலவற்றை மதராஸில் ஒரு கைவினைப் பொருள் கம்பெனிக்கு அனுப்பியிருந்தோம். பங்குனியில் பதில் வந்தது. படங்கள் பிடித்திருக்கின்றன, ஆனால் விரிசல் கோடுகள் இவ்வளவு நேர்த்தியாக இருப்பதால் அச்சடித்தவையோ என்று சந்தேகமாக இருக்கிறது, நேரில் செய்து காட்ட முடியுமா என்று. காட்டினால் வருஷா வருஷம் ஆர்டர். கூடம் நிலைக்கும், வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். காட்டாவிட்டால் வைகாசியோடு பூட்டு. சூப்பிரண்டு தெளிவாகச் சொல்லிவிட்டார்.

காட்டுவதற்கு அவர் குறித்த இடம் வேலூரில் ஒரு கல்யாண மண்டபம். நாள், கத்திரி வெயிலில் ஒரு நாள். நேரம், மத்தியானம் இரண்டு மணி. இதை மலையில் காலை வேளையில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் எழுதினேன். நேரில் வந்து பதில் சொன்னார்.

"அவங்கள அத்தன வளைவுல ஏத்தி, வாந்தி எடுக்க வெச்சு, அப்புறம் ஆர்டர் கேக்கச் சொல்றியாம்மா?"

மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கி, பஸ் மாறி, நானும் பச்சையம்மாவும் வேலூர் போய்ச் சேர்ந்தோம். கையில் இரண்டு படங்கள், கடைசி மெழுகும் கசக்கலும் மட்டும் பாக்கி. என்னுடையது பலாமரம். அவளுடையது பாறை இடுக்கில் தொங்குகிற தேனடை. அவளுடைய படத்துக்கு விரிசல் வராவிட்டால் ஒன்றுமே இல்லை. பாறை வெறும் பழுப்புத் திட்டாக நின்றுவிடும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த துணிப்பையை அவள் யாரையும் தொட விடவில்லை. சாப்பாடாக இருக்கும் என்று நினைத்தேன்.

மண்டபத்துக்குத் தகரக் கூரை. மின்விசிறி ஓடவில்லை. கம்பெனியிலிருந்து ஓர் அம்மாளும் ஓர் ஆளும் வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு படம் என்று நாங்கள் மெழுகு பூசினோம். வேர்வை என் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் முன்பக்கம் மட்டும் பூசி முடித்தேன். எடுத்துக் கசக்கினேன். விரிசல் விடவில்லை. நேற்றுச் சுட்ட சப்பாத்தி மாதிரி மடங்கியது. மறுபடி கசக்கினேன். மறுபடி மடங்கியது. மலைக்குளிரில் மெழுகு தானாக விறைத்துக்கொள்ளும். இத்தனை நாள் பாதி வேலையை எனக்காகச் செய்தது அந்தக் குளிர். அதை என் கைத்திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கூரைதான் காரணம்" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த ஆள் சிரித்தார். "அச்சு மிஷினை மலையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" அந்த அம்மாள் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

பச்சையம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அன்னிக்குத் தொட்டில வுழுந்துச்சே, நீங்க கூடக் கத்தினீங்களே. ஐஸு வாங்கியாரச் சொல்லுங்க."

மார்கழிக் காலை, அப்பளச் சத்தம், எல்லாம் ஒரே நொடியில் என் மண்டையில் உறைத்தது. மண்டபத்துக் காவலாளியை எதிரே இருந்த சர்பத் கடைக்கு ஓட விட்டேன். சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒரு பெரிய அன்னக்கூடைப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். சூப்பிரண்டு என் காதருகே வந்து பல்லைக் கடித்தார்.

"நீர் வண்ணத்தைத் தண்ணியிலயே போடப்போறியா? பைத்தியமா உனக்கு?"

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. மெழுகு சுற்றி முழுக்க ஏறியிருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஊசிமுனை இடம் விட்டுப்போயிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய் வண்ணம் கரையும், காகிதம் கிழியும். அதைச் சொல்லத் தெரிந்தது மெழுகு பூசிப் பழகிய கை மட்டும்தான்.

பச்சையம்மா என் பலாமரத்தை எடுத்துத் திருப்பி, புறங்கையால் பின்பக்கத்தைத் தடவினாள். "இது வறண்டு கீது டீச்சர். பின்னாலயும் ஒரு கை பூசிட்டு முக்குங்க. இல்லாகாட்டி என்னுத மொதல்ல முக்குங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் முன்னால் இருந்த இருவருக்கும் கேட்டது. கேட்டுவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் எனக்குப் படம் முக்கியமாக இல்லை, கூடம் முக்கியமாக இல்லை. இவர்கள் எதிரில் இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளே என்பது மட்டும்தான் இருந்தது.

"எனக்கு நீ சொல்லித் தர வேணாம்" என்று சொல்லி, வாங்கி, முக்கினேன்.

முதலில் தண்ணீரில் பச்சை கசிந்தது. அப்புறம் பழுப்பு. தூக்கினேன். மரத்தின் அடிப்பாகம் என் இடது கையிலும் உச்சி வலது கையிலும் வந்தது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சின்ன வயதில் எழுதி எழுதிக் கையெழுத்துப் பழகியவள் நான்.

சூப்பிரண்டு, "சரி சரி, டீ சாப்பிடலாம்" என்று கையைத் தட்டினார். அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போதும் பச்சையம்மா, எடுத்து வை" என்று நானும் சொன்னேன்.

அவள் எடுத்து வைக்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்து, "கொஞ்சம் குந்துங்கம்மா. வைகாசிக்கு மேல நாங்க இங்க இருக்கறதும் இல்லாததும் இதுலதான் கீது" என்றாள்.

அந்த அம்மாள் உட்கார்ந்தார். பச்சையம்மா தன் படத்தின் பின்பக்கம் முழுவதையும் புறங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். ஓர் ஓரத்தில் கை நின்றது. அங்கே ஒரு துளி மெழுகு வைத்தாள். ஊதி ஆற்றினாள். இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினாள். நான் தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. எடுத்துத் துணியால் ஒற்றிவிட்டு, கசக்கினாள். அந்தச் சத்தம் மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. கறுப்பைத் தடவி, காயவிட்டு, துணிப்பையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது சாப்பாடு இல்லை. நான்கு மாதப் பழைய செய்தித்தாள். ஊரெல்லாம் கேட்டுச் சேர்த்திருக்கிறாள்.

அதற்கு நடுவில் படத்தை வைத்துத் தேய்த்து, கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்தபோது பாறை பாறையாக இருந்தது. வெயிலும் மழையும் வெடிக்க வைத்த கோடுகள், நடுவே தேனடை. அந்த அம்மாள் எழுந்து வந்து ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இதே மாதிரி இன்னொன்று செய்தால் கோடுகள் இப்படியே வருமா?" என்று கேட்டார்.

"எப்டிம்மா வரும்? ஒவ்வொண்ணுக்கும் அதது இஷ்டம்."

ஆர்டர் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். முடியவில்லை. அன்றைக்கே, வந்தவர்கள் போன பிறகு, சூப்பிரண்டு ஒரு தாளை நீட்டினார். வேலை நான்கு பேருக்குத்தான். ஆறு பேரில் நான்கு பெயரை நான் எழுதித் தர வேண்டும். முதல் பெயராகப் பச்சையம்மாவை எழுதினேன். அவர் பேனாவை வாங்கி அதை அடித்தார்.

"இது வேணாம்மா. வந்தவங்க முன்னால டீச்சரையே எதுத்துப் பேசுது. நாளைக்கி என்னையும் பேசும். வேற எழுது."

மழையைப் பார்த்துக் கத்துகிறவள், பல்பொடியைப் பார்த்துக் கத்துகிறவள், அந்தத் தாளைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அப்போதே எனக்குத் தெரியும். கிழிந்த பலாமரம் இன்னும் என் கைப்பையில் ஈரமாக இருந்தது. அவளை நாளைக்கும் மறுநாளும் எதிரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதில் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. சின்னதுதான். வேறு நான்கு பெயர்களை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பட்டியல் வந்த பிறகு அவள் ஒருநாள் கூடத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று தன் தூரிகையைக் கொடுத்தாள். கழுவித் துடைத்திருந்தது.

"வர்றேன் டீச்சர். மேஸ்திரி லாரி நாளைக்கி."

நான் ஏதேதோ சொன்னேன். மேலிடத்து முடிவு என்றேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் கத்துவீங்களே டீச்சர். எனக்காவ ஒருவாட்டி கத்திருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் கேட்டாள். அன்றே இறங்கி வேலூருக்குப் போனேன். சூப்பிரண்டின் மேசையைத் தட்டிக் கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "கையெழுத்து உன்னுதும்மா" என்று அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினார். நான் திரும்பி மலையேறியபோது லாரி போய்விட்டிருந்தது.

இரண்டு மழை கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அதற்குள் ஓர் இடம் காலியாகியிருந்தது. யாரையும் கேட்காமல் அவள் பெயரை எழுதினேன். வந்தாள், நான் ஓய்வு பெறும்வரை கூடவே வேலை பார்த்தாள், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. அவள் பெண் மட்டும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. காப்பித் தோட்டத்தில் பழம் பொறுக்கிப் பழகிவிட்டது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் போய் உட்கார வெட்கப்பட்டது.

போன வாரம் நீங்கள் படத்தை ஐஸ் தண்ணீரில் முக்கினீர்கள். முக்கும் முன் பின்பக்கத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தீர்கள். அதற்கு டீச்சர் முறை என்று பெயர் வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னீர்கள். அந்தப் பெயரை அடியுங்கள். அது பச்சையம்மா முறை.

இந்த மாதக் கடைசியில் உங்களில் மூத்தவர் பயிற்சிப் பெண்களின் பட்டியல் எழுத வேண்டும் என்று கேள்விப்பட்டேன். மெழுகைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் புத்தகத்தைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் யாராவது ஒரு பெயரை அடித்தால், என்னைப் போலக் கத்துங்கள். நான் கத்தாமல் இருந்தது ஒரே ஒரு நாள்தான். கத்தியிருக்க வேண்டியதும் அந்த ஒரு நாள்தான்.